பழைய இரும்புக்காரர் ஒரு மாதம் பொறுக்கட்டும், டீச்சர்

கேள்வி:

நான் உப்புவெளியில் இருக்கும் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை. உயர்தரப் பிள்ளைகளுக்கு வீட்டில் வகுப்பு எடுக்கிறேன். சேதன இரசாயனப் படங்களை எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய டெஸ்க்டொப்பில் வரைந்து, வேர்டில் ஒட்டி நோட்ஸ் செய்வது வழக்கம். வரைந்த ஃபைல்களின் முடிவில் எஸ்.கே.சி. என்று இருக்கும். மகன் கனடாவிலிருந்து வந்தபோது விண்டோஸ் 11 உள்ள லப்டொப் ஒன்று கொண்டுவந்து தந்தார். முன்பு ஒருவர் எழுதித் தந்த சிடியை அதில் போட்டால், இந்த அப் உங்கள் கணினியில் இயங்காது என்கிறது. கடைப் பொடியன் கொம்பாட்டிபிலிட்டி மோட் போட்டுப் பார்த்தான், சரிவரவில்லை. பழைய ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணினேன். ஏதோ டி.எல்.எல். இல்லை என்று வருகிறது. வேர்ட் நோட்ஸ் திறக்கிறது, படங்களும் தெரிகின்றன, ஆனால் டபுள் கிளிக் செய்தால் திருத்த விடுவதில்லை. தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. கிராக் பண்ணிய புதிய சொஃப்ட்வெயார் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். பழைய மெஷினைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்கிறாள் மருமகள். நான் என்ன செய்ய?

பதில்:

டீச்சர், கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பழைய மெஷினைக் கொடுக்கவேண்டாம். அது இன்னும் ஒரு மாதம் உங்கள் வீட்டில் இருக்கவேண்டும். உங்கள் கடிதம் முழுக்கச் சொஃப்ட்வெயாரைப் பற்றியது. என் கவலை உங்கள் படங்களைப் பற்றியது. சொஃப்ட்வெயார் இன்னொன்று கிடைக்கும். இத்தனை வருடம் உட்கார்ந்து வரைந்த படங்களைத் திறந்து வெளியே எடுக்கக்கூடிய ஒரே இடம் இப்போதைக்கு அந்த டெஸ்க்டொப்தான்.

எஸ்.கே.சி. என்று முடிவதால் நீங்கள் பாவித்தது ஐசிஸ் டிரோ. எம்.டி.எல். என்ற அமெரிக்க நிறுவனத்தின் சொஃப்ட்வெயார் அது. அந்த நிறுவனம் கைமாறிக் கைமாறி இன்று டசோ சிஸ்டம்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குள் போய்விட்டது. ஐசிஸ் டிரோவின் வாரிசாக இப்போது இருப்பது பயோவியா டிரோ. பழைய பெயரில் புதிய பதிப்பு வருமா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், வராது.

சிடி ஏன் ஓடவில்லை? அந்தச் செய்தி பழைய சிடி ஒன்றுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பிட் எண்ணைச் சொஃப்ட்வெயாரின் தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 16 பழையது, 32 அடுத்தது, 64 இன்றையது. சொஃப்ட்வெயார் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவித் தரும் இன்ஸ்டோலர் 16 பிட்டாக இருக்கும். தொண்ணூறுகளில் இப்படித்தான் பலர் செய்தார்கள். விண்டோஸ் 3.1 மெஷின் வைத்திருப்பவருக்கும் இன்ஸ்டோலர் திறக்கவேண்டுமே. 32 பிட் விண்டோஸ் 16 பிட்டையும் ஓட்டும். 64 பிட் விண்டோஸ் 32 பிட்டை ஓட்டும், 16 பிட்டை ஓட்டாது. அந்தப் பகுதியே அதில் இல்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று இருந்தது. 11க்கு அதுவும் கிடையாது.

கொம்பாட்டிபிலிட்டி மோட் செய்வது என்ன? சொஃப்ட்வெயாரின் காதில் 'நீ இப்போது எக்ஸ்பியில்தான் இருக்கிறாய்' என்று ஒரு பொய் சொல்வது, அதோடு சில பழைய பழக்கங்களை அனுசரித்துக் கொடுப்பது. விண்டோஸின் பதிப்பு எண்ணைப் பார்த்து முரண்டு பிடிக்கும் சொஃப்ட்வெயாருக்கு அந்தப் பொய் போதும். விண்டோஸில் இல்லாத ஒரு பகுதியைத் தேடி வரும் சொஃப்ட்வெயாரிடம் எத்தனை பொய் சொல்லியும் பயனில்லை. கடைப் பொடியனில் பிழை இல்லை, கைக்கு வந்த முதல் மருந்தைக் கொடுத்திருக்கிறான்.

ஃபோல்டரைக் கொப்பி பண்ணிப் பார்த்தீர்களே, அது நல்ல யோசனை. சிரிக்காமல்தான் சொல்கிறேன். இன்ஸ்டோலர் மட்டும் 16 பிட், உள்ளே இருப்பது 32 பிட் என்றால், எக்ஸ்பியில் நிறுவியிருந்த ஃபோல்டரைக் கொண்டுவந்து போட்டு ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு. டி.எல்.எல்., அதாவது சொஃப்ட்வெயார் ஓடும்போது கூப்பிடும் துணை ஃபைல், இல்லை என்று வருகிறதா? அதன் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்.வி.சி. என்று தொடங்கினால் மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பில் வருவது. மைக்ரோசொஃப்ட் தளத்தில் இலவசம், லப்டொப் 64 பிட் என்றாலும் நீங்கள் போடவேண்டியது 32 பிட் தொகுப்பை. வேறு பெயர் என்றால் எக்ஸ்பி மெஷினின் சிஸ்டம் 32 ஃபோல்டரில் தேடி எடுத்து, ஓட்டும் ஃபைலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். புதிய லப்டொப்பின் சிஸ்டம் 32க்குள் போடவேண்டாம். பெயர் 32 என்றாலும் அதற்குள் இருப்பது 64 பிட். 32 பிட்டுக்கு உரியது 64 என்று முடியும் சிஸ்வோவ் 64 ஃபோல்டர். யார் வைத்த பெயரோ! டி.எல்.எல். தருகிறோம் என்று விளம்பரம் போடும் தளங்களின் பக்கம் மட்டும் போகவேண்டாம். டி.எல்.எல்.லோடு வேறு என்ன வரும் என்று சொல்ல முடியாது.

இப்படி ஓடினாலும் அதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது விண்டோஸின் பதிவேட்டில் எழுதப்படும் விடயங்கள் கொப்பியில் வராது. அதனால் வேர்டில் படத்தை டபுள் கிளிக் செய்தால் 'இந்தப் படம் யாருடையது' என்று வேர்டுக்குத் தெரியாது.

சரி, படங்களுக்கு வருவோம். இதுதான் உங்கள் உண்மையான வேலை.

முதலில் பென் டிரைவ். புதிதாக வாங்கும் 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபட் முறையில் ஃபோர்மட் செய்து வரும். சும்மா நிறுவிய எக்ஸ்பிக்கு அது புரியாது, 'ஃபோர்மட் செய்யவா' என்று கேட்கும். டிரைவ் பழுது என்று கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை பிடிக்கவேண்டாம். 16 அல்லது 32 ஜிபி டிரைவ் ஒன்றை லப்டொப்பில் ஃபட் 32 ஆக ஃபோர்மட் செய்து கொண்டுவாருங்கள். அதைப் பிரின்ட் கடைகளில் செருகவேண்டாம். அங்கே ஏறும் ஷோர்ட்கட் வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை எல்லாம் மறைத்துவிட்டுப் போலி ஷோர்ட்கட்டுகளைக் காட்டும்.

எஸ்.கே.சி. ஃபைல்கள் எல்லாவற்றையும் முதலில் அப்படியே கொப்பி பண்ணுங்கள். பிறகு முக்கியமான படம் ஒவ்வொன்றையும் ஐசிஸ் டிரோவில் திறந்து மோல்ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இதை ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், மோல்ஃபைல் என்பது வெறும் எழுத்து. நோட்பேட்டில் திறந்து பார்க்கலாம். முதல் மூன்று வரி தலைப்பு. நாலாவது வரியில் இரண்டு எண்கள் முன்னால் நிற்கும்: எத்தனை அணு, எத்தனை பிணைப்பு. பிறகு ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு வரி, அது தாளில் எங்கே இருக்கிறது, எந்த மூலகம் என்று. அதன் பிறகு ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு வரி, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் நடுவில், ஒற்றையா இரட்டையா மும்மையா என்று. இலற்றிக் அமிலத்தின் ஒளியியற் சமபகுதியங்களுக்கு முன்னே வரும் ஆப்புக்கோடும் பின்னே போகும் புள்ளிக்கோடும் போட்டிருப்பீர்கள், அதுவும் பிணைப்பு வரியிலேயே பதிவாகும். இதை வகுத்ததும் அதே எம்.டி.எல்.தான், ஆனால் இன்று மூலக்கூறு வரையும் சொஃப்ட்வெயார்களில் இதைத் திறக்காத ஒன்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இதில் ஒரு சோதனை செய்யலாம், உங்களுக்குப் பிடிக்கும். பீனோல் படத்தை மோல்ஃபைலாக்கி நோட்பேட்டில் திறந்து நாலாவது வரியைப் பாருங்கள். காபனோடு சேர்ந்த ஐதரசன்களைத் தனியே வரைந்திருக்க மாட்டீர்கள், ஆகவே ஆறு காபனும் ஓர் ஒட்சிசனும், 7 அணு. வளையத்தில் ஆறும் வெளியே ஒன்றுமாக 7 பிணைப்பு. 7, 7 என்று இருந்தால் படம் சரி. 6, 6 என்று வந்தால்? அப்போது நீங்கள் வளையத்தை வரைந்துவிட்டு ஐதரொட்சில் கூட்டத்தை அணுவாகப் போடாமல் எழுத்தாக டைப் செய்திருக்கிறீர்கள். கண்ணுக்குப் பீனோல், கொம்பியூட்டருக்கு அது பென்சீன். பக்கத்தில் ஒரு கோடும் இரண்டு எழுத்தும் சும்மா கிடக்கின்றன, அவ்வளவுதான். அவசரத்தில் எல்லாரும் இப்படி வரைவதுண்டு. அந்தப் படங்களை இப்போதே பழைய மெஷினில் திருத்திவிடுங்கள்.

இனி மோல்ஃபைல் எதைத் தொலைக்கும் என்று சொல்லவேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் மூதூரிலிருந்து ரியூசன் சேர் ஒருவர் இதே மாதிரி மெஷினோடு வந்தார். எல்லாப் படத்தையும் மோல்ஃபைலாக்கி, எண்ணிக்கை சரிபார்த்து, பெருமையாகக் கொடுத்து அனுப்பினேன். பழைய டிஸ்கையும் அவர் சொன்னபடி துடைத்துவிட்டேன். இரண்டு நாளில் போன். "தம்பி, அம்புக்குறி எங்கே?" அல்டோல் ஒடுக்கத்தின் பொறிமுறை முழுக்க வளைந்த அம்புகளால் ஆனது. மோல்ஃபைலுக்கு அணு தெரியும், பிணைப்பு தெரியும், அம்பு தெரியாது. இலத்திரன் சோடி எங்கிருந்து எங்கே போகிறது என்பது மூலக்கூறின் பகுதி அல்ல, ஆசிரியர் அதன்மேல் போட்ட விளக்கம். அந்தச் சேர் அம்புகளை மறுபடி கையால் போட்டார். ஒரு சொல் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பொறிமுறைப் படங்களுக்கு மோல்ஃபைல் பாதி வேலை. உங்களிடம் மூலக்கூறே இல்லாத படங்களும் இருக்கும்: புல்மோட்டைக் கனிய மணலில் தொடங்கித் தைத்தேனியமீரொட்சைட்டில் முடியும் பாய்ச்சற்கோட்டுப் படம், பெட்டியும் அம்பும் தமிழ்ப் பெயர்களுமாக. அதை மோல்ஃபைலாக்கினால் ஒன்றுமே மிஞ்சாது. இவற்றை எஸ்.கே.சி. ஆகவும், படமாகவும் காப்பாற்றவேண்டும். படம் ஏற்கெனவே உங்கள் வேர்ட் நோட்ஸுக்குள் இருக்கிறது, புதிய லப்டொப்பில் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்ஸைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் அம்பு சகிதம் நிற்கும். ஆனால் அதற்கு முன் தமிழ் எழுத்துப் பிரச்சினையைத் தீர்க்கவேண்டும், இல்லாவிட்டால் பி.டி.எஃப்.பும் ஆங்கிலத்தில் உளறும்.

உங்கள் எழுத்து ஏதும் கெட்டுப்போகவில்லை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் தமிழ் டைப் செய்தவர்கள் பெரும்பாலும் பாமினி என்ற ஃபொன்டில்தான் செய்தார்கள். பாமினி, இன்று எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யுனிகோட் எழுத்துமுறை அல்ல. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவது ஃபொன்ட். லப்டொப்பில் பாமினி இல்லை, அதனால் முகமூடி கழன்று கிடக்கிறது. வரிக்கு வரி அரைப்புள்ளி சிதறிக் கிடக்கிறதா? அவைதான் உங்கள் மெய்யெழுத்துப் புள்ளிகள். எக்ஸ்பியின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியைக் கொப்பி பண்ணி லப்டொப்பில் நிறுவுங்கள், தமிழ் திரும்பிவிடும். உடனே பி.டி.எஃப். எடுத்துவையுங்கள்.

யுனிகோடுக்கு மாற்றுவது பிறகு ஆறுதலாகச் செய்யவேண்டியது. அதில் இரசாயன ஆசிரியர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. முழுப் பக்கத்தையும் கொப்பி பண்ணி இணையத்திலுள்ள மாற்றியில் ஒட்டினால், அதற்குப் பாமினி எழுத்தும் உங்கள் சூத்திரத்தின் ஆங்கில எழுத்தும் ஒன்றுதான், ஃபொன்ட் என்ற ஒரே வித்தியாசம் ஒட்டும்போது போய்விடுகிறது. அசற்றிக் அமிலத்தின் சூத்திரம் வாயில் நுழையாத தமிழாகி வந்து நிற்கும். வேர்டில் தேடும் பெட்டியில் ஃபொன்டை வைத்துத் தேடலாம். எழுத்து எதுவும் கொடுக்காமல் பாமினி என்ற ஃபொன்டை மட்டும் கொடுத்தால் அந்தப் பகுதிகள் மட்டும் அகப்படும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். பெரிய வேலைதான், நோட்ஸைத் திருத்தும்போது ஒவ்வோர் அலகாகச் செய்யலாம்.

வேர்டுக்குள் இருக்கும் படத்தை டபுள் கிளிக் செய்தால் திறக்காதது, அதை வரைந்த சொஃப்ட்வெயார் லப்டொப்பில் இல்லாததால். ஆனால் படத்தோடு அசல் வரைவும் உள்ளேதான் ஒட்டியிருக்கிறது. எஸ்.கே.சி. ஃபைல் தொலைந்துபோன படம் இருந்தால் பழைய மெஷினில் அந்த நோட்ஸைத் திறந்து, படத்தை டபுள் கிளிக் செய்து, வெளியே சேமித்துக்கொள்ளுங்கள்.

புதிய லப்டொப்பில் எதைப் பாவிப்பது? உங்கள் வேலைக்கு என் தேர்வு கெம்ஸ்கெச். வீட்டுப் பாவனைக்கும் கல்விக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது, மோல்ஃபைலைத் திறக்கும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் லப்டொப் பற்றரியில் வரைந்துகொண்டிருக்கலாம். இணையம் இருக்கும்போது பிரவுசரிலேயே வரைய கெச்சர் என்று ஒன்று உண்டு, நிறுவவே தேவையில்லை. கெம்டிரோ 1985இலிருந்து வரும் பெரிய பெயர், நல்ல சாமான், ஆனால் காசு கொடுத்து வாங்கவேண்டியது. பிள்ளைகளுக்கு மூலக்கூறைச் சுற்றிக் காட்ட அவகாட்ரோ இருக்கிறது, இலவசம். அது திறந்ததும் மூடிக்கொண்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

நிறுவுமுன் மகன் தந்த லப்டொப்பில் மூன்று விடயம் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் எபவுட். அங்கே எஸ் மோட் என்று இருந்தால் மைக்ரோசொஃப்ட் கடையிலிருந்து மட்டும்தான் எதையும் நிறுவ விடும். அதிலிருந்து வெளியேறுவது இலவசம், ஆனால் திரும்பிப் போக முடியாது. உங்களுக்குத் திரும்பிப் போகத் தேவையும் இல்லை. அதே பக்கத்தில் ஏ.ஆர்.எம். புரொசெசர் என்று இருந்தால் சாதாரண சொஃப்ட்வெயார்கள் பெரும்பாலும் ஓடும், பழைய கருவிகளின் டிரைவர்கள் ஓடாது. மூன்றாவது, மகன் பாசத்தோடு உங்கள் பெயரைத் தமிழிலேயே போட்டு எக்கவுண்ட் திறந்திருந்தால், உங்கள் யூசர் ஃபோல்டரின் பெயரும் தமிழாக இருக்கக்கூடும். புதிய சொஃப்ட்வெயார்களுக்கு அது பொருட்டல்ல. பழையவை சில அந்தப் பாதையை வாசிக்கத் தெரியாமல், காரணமும் சொல்லாமல் விழுந்துவிடும். எக்கவுண்டின் பெயரை மாற்றினால் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் இன்னோர் எக்கவுண்ட் திறந்து அதில் நிறுவுவதுதான் வழி. பழைய சொஃப்ட்வெயாரைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாமல் சி டிரைவில் தனி ஃபோல்டரில் போடுங்கள், அங்கே அது தன் செட்டிங்ஸை எழுத விண்டோஸ் தடுக்காது.

கிராக் பற்றி. வேண்டாம். அதைப் போடும்போது முதல் வேலையாக அன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். எந்தத் திருடன் வரும்போதும் நாயைக் கட்டிப்போடச் சொல்வான். இலவசமாகவே நல்லது இருக்கும்போது அந்த லப்டொப்பை, அதிலும் நீங்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கும் லப்டொப்பை, பணயம் வைக்க ஒரு காரணமும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஐசிஸ் டிரோதான் கைக்கு வாலாயம் என்றால் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச சொஃப்ட்வெயாருக்குள் ஓர் எக்ஸ்பி நிறுவி அதற்குள் ஓட்டலாம். எக்ஸ்பி சிடியும் அதற்குரிய கீயும் வேண்டும். அதன் நெட்வொர்க்கை அணைத்தே வைக்கவேண்டும், மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இது நடக்கும், ஆனால் வகுப்பு நடுவில் ஒரு படத்தைத் திருத்த ஒரு கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டரைத் தொடங்கிக்கொண்டு நிற்கவேண்டும். நானென்றால் செய்யமாட்டேன்.

இனிப் பழைய மெஷின். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீட்டில் அது இத்தனை காலம் ஓடியதே பெரிது. உப்புக்காற்று ரம் எனும் நினைவகத் துண்டைச் செருகும் தங்க நிறப் பற்களையும் டிஸ்க் கேபிளின் வாயையும் தின்றுவிடும். ஒருநாள் ஓன் பண்ணும்போது சத்தம் போட்டுக்கொண்டு படம் வராமல் நின்றால் பயப்படாதீர்கள். கரண்டைப் பிடுங்கி, ரம்மைக் கழற்றி, பற்களை வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துச் செருகினால் பல தடவை உயிர் வரும். திகதி 2002 என்றோ என்னவோ காட்டினால் உள்ளே இருக்கும் சிஆர் 2032 பற்றரியை மாற்றுங்கள், மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். படங்கள் இரண்டு இடத்தில், லப்டொப்பிலும் ஒரு பென் டிரைவிலும், திறந்து பார்த்துச் சரி என்று தெரிந்த பிறகு டிஸ்கை மட்டும் கழற்றி ஈரம் ஏறாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். மிச்சத்தை மருமகள் பழைய இரும்புக்காரருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.